ஈகோ பட்டனை அமுக்கினால் போதுமா?



இந்த மாதம் அறிவியல் பகுதிக்கு என்னை எழுதச் சொன்னார்கள். எப்போதும் கோள்கள், டைனோசர், எரிமலை என்றுதான் வரும். நான் எங்கள் மாமாவின் காரைப் பற்றி எழுதப் போகிறேன். சிரிக்காதீர்கள். இதில் அறிவியலும் இருக்கிறது, எங்கள் அக்காவின் அழுகையும் இருக்கிறது.

எங்கள் மாமா போன வருடம் கடன் போட்டு ஒரு மின்சார கார் வாங்கினார். பேட்டரி 30 யூனிட் பிடிக்கும். யூனிட் என்றால் நம் வீட்டு மீட்டர் பெட்டியில் ஓடுகிறதே, அதே யூனிட்தான். 75 வாட் மின்விசிறி 13 மணி நேரம் சுற்றினால் ஒரு யூனிட் ஆகும். இந்தக் காரில் ஈகோ, சிட்டி, ஸ்போர்ட் என்று மூன்று மோடு உண்டு. ஈகோ என்றால் சிக்கனம், சிட்டி என்றால் நடுத்தரம், ஸ்போர்ட் என்றால் பாய்ச்சல். மாமாவுக்கு அவ்வளவுதான் தெரியும். அன்றைக்கு எனக்கும் அவ்வளவுதான் தெரியும்.

ஆடி மாதத்தில் அக்காவுக்குத் திருச்சியில் சான்றிதழ் சரிபார்ப்பு. காலை 10 மணிக்கு அங்கே இருக்க வேண்டும். நம் கொட்டாம்பட்டிப் பக்கத்திலிருந்து திருச்சி ஏறத்தாழ 80 கிலோமீட்டர். முதல் நாள் ராத்திரி சார்ஜ் போட்டுவிட்டுப் படுத்தார் மாமா. நடுராத்திரி கரண்ட் போய்விட்டது. யாரும் கவனிக்கவில்லை. காலையில் பார்த்தால் பேட்டரி 50 சதவீதம்தான். ஆனால் திரையில் "இன்னும் 120 கி.மீ. ஓடும்" என்று காட்டியது. மாமா சிரித்துக்கொண்டே, "80-தானே போகணும்? ஈகோவைப் போட்டாச்சு. ஏறுங்க" என்றார்.

கிளம்பும்போதே மணி 8.45. நேரமாகிவிட்டது என்று அம்மா பதறவும், மாமா நான்கு வழிச்சாலையில் ஏறியதும் 110-ல் பறந்தார். (நான்கு வழிச்சாலையில் கார்களுக்கு 100-தான் உச்ச வரம்பு என்று 2018-லேயே மத்திய அரசு அறிவித்திருக்கிறது. இதை நான் பின்னால்தான் தெரிந்துகொண்டேன். மாமாவிடம் சொன்னேன். அவர் காது கேட்காதவர் மாதிரி இருந்தார்.) ஏசி ஓடிக்கொண்டிருந்தது. மோடு ஈகோவில்தான் இருந்தது. துவரங்குறிச்சி தாண்டியபோதே நான் திரையைப் பார்த்தேன். சதவீதம் கடகடவென்று இறங்கியது. விராலிமலையை நெருங்கும்போது 16 சதவீதம். அதாவது 5 யூனிட்கூட முழுசாக இல்லை. இன்னும் போக வேண்டியது 30 கிலோமீட்டர். திரையோ 24 என்றது.

ரோட்டோரம் ஒரு சார்ஜர் இருந்தது. அது வேலை செய்யவில்லை. மாமா போன் போட்டுப் பார்த்தார், பெட்டியைத் தட்டிப் பார்த்தார், அரை மணி நேரம் போனதுதான் மிச்சம். விராலிமலை மயிலுக்குப் பேர்போன ஊர். அன்றைக்கு மயில் வந்து ஆடியிருந்தாலும் நாங்கள் பார்த்திருக்க மாட்டோம். அக்கா பைலை மடியில் வைத்துக்கொண்டு சத்தம் இல்லாமல் அழுதாள்.

அங்கே டீக்கடையில் நின்ற ஒரு அண்ணன்தான் எங்களைக் காப்பாற்றினார். அவரும் மின்சார கார் வைத்திருப்பவராம். "அண்ணே, மோடை விடுங்க. அதுல ஒண்ணும் இல்ல. இடது ஓரமா 60-லயே போங்க, ஏசிய அமத்துங்க. பத்து சதவீதத்துல திருச்சி போயிரலாம்" என்றார். மாமா நம்பவில்லை. வேறு வழியும் இல்லை. கண்ணாடியைக் கொஞ்சமாக இறக்கிவிட்டு வேர்க்க வேர்க்கப் போனோம். லாரிகள் எல்லாம் எங்களை முந்திக்கொண்டு போயின. கல்லூரி வாசலில் நிற்கும்போது 6 சதவீதம் பாக்கி இருந்தது! அவர் சொன்ன கணக்கு அப்படியே சரியாக வந்தது. மணி 10.35. அக்காவின் எண்ணைக் கூப்பிட்டு முடித்துவிட்டார்கள். கடைசியில் வரச் சொன்னார்கள். மத்தியானம் வரைக்கும் அவள் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. நல்ல வேளையாக வேலை முடிந்தது.

வீட்டுக்கு வந்ததும் அம்மாச்சி, "அந்தக் கார வித்துருடா" என்று ஒரே பிடியாகப் பிடித்துக்கொண்டார். தவணை கட்டிய காசெல்லாம் வீண் என்று அத்தையும் சொன்னார். மாமா முகம் வாடிவிட்டது. எனக்கு ஒரே கேள்விதான். மாமா ஈகோவில்தானே ஓட்டினார்? அப்புறம் ஏன் சிக்கனம் ஆகவில்லை?

இதை அறிவியல் மிஸ்ஸிடம் கேட்டேன். மிஸ் கரும்பலகையில் ஒரு காரை வரைந்து (பூசணிக்காய் மாதிரி இருந்தது, மன்னிக்கவும் மிஸ்) இரண்டு அம்புக்குறி போட்டார். ஒன்று காற்று. இன்னொன்று டயர் சாலையில் உருளும்போது வரும் உராய்வு. சமமான சாலையில் ஒரே வேகத்தில் போகும் காரைப் பின்னால் இழுப்பவை முக்கியமாக இவை இரண்டுதான். டயர் உராய்வு வேகம் கூடினாலும் பெரிதாக மாறுவதில்லை. காற்று அப்படி இல்லை. வேகம் இரண்டு மடங்கானால் காற்று இழுக்கும் விசை நான்கு மடங்கு ஆகும். வேகத்தின் இருமடியில் ஏறும். பஸ் ஜன்னலில் கையை நீட்டக்கூடாதுதான், ஆனால் நீட்டித் திட்டு வாங்கியவர்களுக்கு இது தெரிந்திருக்கும்.

நாமே போட்டுப் பார்க்கலாம். 80 × 80 = 6400. 100 × 100 = 10000. பத்தாயிரத்தை 6400-ஆல் வகுத்தால் 1.56. அதாவது 80-ல் போவதற்குப் பதில் 100-ல் போனால், அதே தூரத்துக்குக் காற்றை விலக்க மட்டும் ஒன்றரை மடங்குக்கு மேல் சார்ஜ் வேண்டும். 110-க்குப் போட்டால் 12100. ஏறத்தாழ இரண்டு மடங்கு! இதில் இன்னொன்றும் உண்டு. எதிர்க்காற்று 20 கி.மீ. வேகத்தில் அடித்தால், நாம் 80-ல் போனாலும் காருக்கு அது 100-ல் காற்றைக் கிழிக்கிற மாதிரிதான். ஆடிக் காற்று எதிரே அடித்தால் கார் பசியோடுதான் இருக்கும்.

சரி, ஈகோ பட்டன் அப்போது என்னதான் செய்கிறது? இதுதான் எனக்கு ரொம்ப ஆச்சரியமாக இருந்தது. அது காற்றைக் குறைப்பதில்லை, டயர் உராய்வைக் குறைப்பதில்லை. முக்கியமாக அது மாற்றுவது நம் காலுக்கும் மோட்டாருக்கும் நடுவில் இருக்கிற பேச்சைத்தான். ஸ்போர்ட்டில் ஆக்சிலரேட்டரைக் கொஞ்சம் மிதித்தாலே மோட்டார் நிறைய சக்தி கொடுக்கும். ஈகோவில் அதே அளவு மிதித்தால் கொஞ்சமாகத்தான் கொடுக்கும். தண்ணீர்க் குழாய் மாதிரி. ஒரு குழாய் லேசாகத் திருகினாலே கொட்டும், இன்னொன்றை ரொம்பத் திருக வேண்டும். ஒரு குடம் நிரம்ப வேண்டும் என்றால் எந்தக் குழாயில் பிடித்தாலும் ஒரு குடம் தண்ணீர்தானே? காரை 110-ல் ஓட்டத் தேவையான சக்தி எந்த மோடிலும் அதே சக்திதான். மாமா ஈகோவில் அழுத்தி மிதித்து அதை வாங்கிக்கொண்டார். அவ்வளவே.

சில கார்களில் ஈகோ போட்டால் ஏசியின் சக்தியையும் குறைப்பார்கள், சிலவற்றில் உச்ச வேகத்தையும் கட்டுப்படுத்துவார்கள். முன்னால் ஒன்று பின்னால் ஒன்று என்று இரண்டு மோட்டார் உள்ள பெரிய கார்கள் சிலவற்றில், ஈகோவில் ஒரு மோட்டார் ஓய்வெடுக்கும். அந்தக் கார்களில் நெடுஞ்சாலையிலும் கொஞ்சம் மிச்சமாகும். மாமா காரில் ஒரே மோட்டார்தான்.

"மிஸ், உங்க ஸ்கூட்டர்ல மட்டும் ஈகோ போட்டா ரொம்ப தூரம் ஓடுதே?" என்று கேட்டேன். மிஸ் சிரித்துவிட்டார். அவருடைய மின்சார ஸ்கூட்டரில் ஈகோ போட்டால் நாற்பது சொச்சத்துக்கு மேல் வண்டி போகவே போகாதாம். எவ்வளவு முறுக்கினாலும் போகாது. வேகத்துக்கே பூட்டு போடுவதால்தான் அங்கே தூரம் கூடுகிறது. மாமா காரின் ஈகோவில் அந்தப் பூட்டு இல்லை. மாமாவும் ஸ்கூட்டர் வைத்திருக்கிற நண்பர் சொல்லித்தான் ஈகோவை அப்படி நம்பியிருக்கிறார். குழப்பம் எங்கே வந்தது பாருங்கள்.

மாமாவிடம் இதையெல்லாம் சொன்னேன். "மிஸ் சொன்னா சரியாத்தான் இருக்கும். ஆனா கண்ணால பாத்தாத்தான் உங்க அம்மாச்சி நம்பும்" என்றார். அதனால் ஒரு ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில், சாலை காலியாக இருக்கும்போது, நானும் மாமாவும் சோதனை செய்தோம். கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் நான்தான் எழுதினேன். கொட்டாம்பட்டியிலிருந்து துவரங்குறிச்சிப் பக்கம் 15 கிலோமீட்டர் போய், அங்கிருந்து திரும்பி வருவது. போகும்போது மேடு என்றால் வரும்போது அது பள்ளம் ஆகிவிடும், காற்றும் அப்படித்தான். அதனால் போய்வந்த 30 கி.மீ.யையும் சேர்த்துத்தான் கணக்கு. ஏசி எல்லா நடையிலும் ஒரே அளவு. முதல் நடையில் ட்ரிப் மீட்டரைப் பூஜ்யமாக்க நான் மறந்துவிட்டேன். அந்த நடை வீண். மாமா ஒன்றும் திட்டவில்லை, டீ மட்டும் குடித்தார்.

முடிவு இதுதான். ஈகோவில் 80 வேகத்தில் போனபோது ஒரு யூனிட்டுக்கு 7.2 கி.மீ. ஓடியது. ஸ்போர்ட்டில் அதே 80-ல் போனபோது 7.1 கி.மீ. இரண்டுக்கும் வித்தியாசம் வெறும் 100 மீட்டர்! மூன்றாவதாக ஈகோவிலேயே 100-ல் போனோம். 5.6 கி.மீ.தான். நோட்டைக் கையில் வாங்கி மாமா ரெண்டு தடவை பார்த்தார். "அப்ப ஸ்போர்ட்ல எம்பது, ஈகோவுல நூறை ஜெயிக்குதா?" என்றார். ஆமாம் மாமா, நல்லாவே ஜெயிக்குது.

காற்று 1.56 மடங்கு கூடியது என்றால் செலவும் 1.56 மடங்கு ஆக வேண்டாமா, 7.2-ஐ 5.6-ஆல் வகுத்தால் 1.29 மடங்குதானே வருகிறது என்று நான் மிஸ்ஸிடம் நோட்டோடு போய் நின்றேன். மிஸ் என்னைப் பாராட்டினார் (இதை எழுதாமல் இருக்க முடியவில்லை). டயர் உராய்வு கூடவில்லை அல்லவா, ஏசியும் கூடவில்லை. காற்றின் பங்கு மட்டும்தான் கூடியது. அதனால் மொத்தம் அந்த அளவுக்கு ஏறாது.

வீடு திரும்பும்போது மாமாவை ஸ்போர்ட்டில் இஷ்டம்போல ஓட்டச் சொன்னேன். அப்போதுதான் ஸ்போர்ட்டின் குறை தெரிந்தது. கால் லேசாகப் பட்டாலே வண்டி பாய்கிறது, உடனே பிரேக், மறுபடி பாய்ச்சல். ஒரு யூனிட்டுக்கு 6 கி.மீ.கூட வரவில்லை. ஆக மோடு சார்ஜைத் தின்பதில்லை, மோடு நம் காலைக் கெடுக்கிறது. காலை அடக்கி ஒரே சீராக ஓட்டுகிறவருக்கு எந்த மோடும் ஒன்றுதான். எங்கள் மாமா மாதிரி ஆளுக்கு ஈகோவே நல்லது.

ஆனால் நெடுஞ்சாலையில் எப்போதும் ஈகோ என்று நான் சொல்ல மாட்டேன். லாரியை முந்தும்போது ஈகோவில் வண்டி தயங்குகிறது. பின்னால் பஸ் ஹாரன் அடித்துக்கொண்டே வரும். அந்த நேரத்தில் சிட்டிக்கு மாற்றிக்கொள்ள வேண்டும். பத்து நொடிப் பாய்ச்சலில் பெரிதாக ஒன்றும் தீர்ந்துவிடாது. உயிரைவிட யூனிட் பெரிதா? முந்தி முடித்ததும் மறுபடி 80-க்கு வந்துவிட்டால் சரி.

இன்னொரு விஷயமும் மோடோடு சேர்ந்து வருகிறது. மின்சார வண்டியில் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் மோட்டாரே டைனமோ ஆகிவிடும். சக்கரம் அதைச் சுற்ற, பேட்டரிக்குக் கொஞ்சம் சார்ஜ் திரும்பி ஏறும், வண்டியும் பிரேக் பிடித்த மாதிரி மெதுவாகும். இதை ரீஜென் என்கிறார்கள். மாமா காரில் இதைக் கூட்டலாம், குறைக்கலாம். கூட்டி வைத்தால் சார்ஜ் நிறையத் திரும்பும், அதுதானே லாபம் என்று நானும் நினைத்தேன். ஊருக்குள் அது சரி. சந்தைக் கூட்டம், ஆடு, மாடு, பள்ளிக்கூட வாசல் என்று எப்படியும் நின்று நின்றுதான் போக வேண்டும், வீணாகப் போகும் வேகத்தைப் பிடித்துக்கொள்ளலாம். மலையிலிருந்து இறங்கும்போதும் அப்படியே. ஆனால் காலியான நெடுஞ்சாலையில் வேகத்தைக் குறைத்துச் சார்ஜாக்கி, மறுபடி அந்தச் சார்ஜை வேகமாக்கினால் இரண்டு முறையும் நஷ்டம். குடத்துத் தண்ணீரை அண்டாவில் ஊற்றி, அண்டாவிலிருந்து மறுபடி குடத்தில் ஊற்றினால் இரண்டு தடவை சிந்தும் இல்லையா? அதனால் நெடுஞ்சாலையில் ரீஜெனைக் குறைத்து வைத்து, தூரத்தில் சுங்கச்சாவடி தெரிந்ததும் முன்கூட்டியே காலை எடுத்துவிட்டு வண்டியை உருள விட வேண்டும். பூதக்குடி சுங்கச்சாவடிக்கு மாமா இப்போது அப்படித்தான் போகிறார். பேட்டரி முழுசாக நிரம்பியிருக்கும்போது ரீஜென் சரியாக வேலை செய்யாது என்பதையும் நினைவில் வையுங்கள். நிறைந்த குடத்தில் எங்கே ஊற்றுவது? வீட்டிலிருந்து புதிதாகக் கிளம்பும்போது கால் பிரேக்கை நம்பித்தான் போக வேண்டும்.

அன்று காலை திரை ஏன் 120 கி.மீ. என்று பொய் சொன்னது என்று அக்கா கேட்டாள். அது பொய் இல்லை. கொஞ்ச நாளாக வண்டி எப்படி ஓடியதோ அதை வைத்துத்தான் அது கணக்குப் போடும். மாமா அதற்கு முந்தைய வாரம் முழுக்க ஊருக்குள் 40-ல் ஓட்டியிருந்தார். யூனிட்டுக்கு 8 கி.மீ. வந்திருக்கிறது. 15 யூனிட் × 8 = 120. நாம் 110-ல் பறக்கப் போகிறோம் என்று அதற்கு எப்படித் தெரியும்? பெட்ரோல் வண்டி ஊருக்குள் அதிகம் குடிக்கும், நெடுஞ்சாலையில் குறைவாகக் குடிக்கும் என்று எல்லோரும் பழகியிருக்கிறோம். மின்சார வண்டிக்கு அது தலைகீழ். விளம்பரத்தில் போடுகிற தூரமும் இப்படித்தான். நம் நாட்டில் ஏஆர்ஏஐ சான்று கொடுக்கும் சோதனையில், பழைய முறைப்படி உச்ச வேகமே 90-தான். அதுவும் கொஞ்ச நேரம்தான், மற்ற நேரமெல்லாம் அதைவிட ரொம்பக் குறைவு. அந்த எண்ணை வைத்துக்கொண்டு நெடுஞ்சாலையில் ஏறக்கூடாது.

டயரில் காற்று குறைந்திருந்தாலும் செலவு கூடும், கூரை மேல் மூட்டை கட்டினாலும் கூடும். ஏசியைப் பற்றி அம்மா ரொம்பக் கவலைப்படுவார். அது மணி நேரத்துக்கு ஏறத்தாழ ஒரு யூனிட் எடுக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு மணி நேரத்தில் 80 கி.மீ. போக 11 யூனிட் ஆகிறது, அதில் ஏசி ஒன்றே ஒன்று. உயிர் போகிற அவசரம் என்றால் அணைக்கலாம், மற்றபடி வேர்த்து வடிய வேண்டாம். 100-லிருந்து 80-க்கு இறங்குவதே அதைவிடப் பல மடங்கு மிச்சம். நேரம் எவ்வளவு போகும்? 80 கி.மீ. தூரத்துக்கு 100-ல் போனால் 48 நிமிடம், 80-ல் போனால் 60 நிமிடம். பன்னிரண்டு நிமிடம். நாங்கள் விராலிமலையில் நின்றது மட்டும் அரை மணி நேரம்.

போன மாதம் அக்காவை விடுதியில் சேர்க்கத் திருச்சிக்கு மறுபடி போனோம். ராத்திரி இரண்டு தடவை எழுந்து சார்ஜர் விளக்கு எரிகிறதா என்று நான் பார்த்தேன். நூறு சதவீதத்தோடு கிளம்பினோம். ஈகோ, 80 வேகம், ஏசி உண்டு, பெட்டி படுக்கையும் உண்டு. திருச்சிக்குப் போய், கடைவீதியில் அலைந்து, எங்கேயும் சார்ஜ் போடாமல் வீடு வந்து சேர்ந்தபோது 22 சதவீதம் மீதி. அத்தை அதை போனில் படம் எடுத்துக்கொண்டார். காரை விற்கிற பேச்சு இப்போது வீட்டில் இல்லை.

அன்றைக்கு முன்சீட்டில் அம்மாச்சிதான் உட்கார்ந்து வந்தார். வழி நெடுக ஒவ்வொரு வண்டியும் எங்களை முந்தும்போது திரும்பித் திரும்பிப் பார்த்தார். துவரங்குறிச்சி வந்ததும் பொறுக்க முடியாமல், "ஏண்டா, இவ்வளவு காசு குடுத்து வாங்கிட்டு மாட்டு வண்டி மாதிரி ஓட்டுற? கொஞ்சம் அமுக்கேன்டா" என்றார். மாமா கண்ணாடியில் என்னைப் பார்த்தார். நான் நோட்டைத் தூக்கிக் காட்டினேன்.

— 9-ஆம் வகுப்பு மாணவி